மூடுபனி செய்யாத குற்றம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பனி இறங்கினால் எங்கள் வீட்டுப் பிரிண்டர் வைஃபையை விட்டுவிடுகிறது, சேர். லேப்டொப்பில் 'ஓஃப்லைன்' என்று காட்டுகிறது. வெயில் நாளில் ஒரு தொந்தரவும் இல்லை. பனி அலையைத் தடுக்கிறது, சிக்னல் கூடின புதுப் பிரிண்டர் எடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?" ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களை வீட்டிலேயே அடித்துக் கொடுக்கிறவர். கடிதத்தின் அடியில், பெரிதாக நினைக்காமல், இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "லேப்டொப்பில் வராத நேரத்திலும் மகனின் போனிலிருந்து அனுப்பினால் பிரிண்ட் வந்துவிடுகிறது."

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. அலை தடைப்பட்டிருந்தால் போனுக்கும் தடைப்பட்டிருக்க வேண்டும். போனுக்குக் கிடைக்கிற பிரிண்டர் லேப்டொப்புக்குக் கிடைக்கவில்லை என்றால் கோளாறு காற்றில் இல்லை.

முதலில் பனியை விடுவித்துவிடுவோம். நுவரெலியாவிலிருந்து மஸ்கெலியா வரை இந்தப் பேச்சு எங்கும் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு தண்ணீரைச் சூடாக்கும் அலையும் வைஃபை அலையும் ஏறக்குறைய ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று யாரோ படித்திருக்கிறார்கள்; மூடுபனி தண்ணீர்தான்; ஆகவே அது அலையைக் குடித்துவிடும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. கை நீட்டினால் விரல் தெரியாத அடர்ந்த பனியிலும் ஒரு கன மீற்றர் காற்றில் இருக்கும் நீர்த்துளிகளின் எடை அரைக் கிராமைத் தாண்டுவது அரிது. கதவைத் திறந்து வைத்து ஒரு முழு அறைக்குள் அந்தப் பனியை நிரப்பினாலும் உள்ளே வருவது ஒன்றிரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். அதுவும் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்று, இரண்டு பங்கு அளவுத் துளிகளாக. வைஃபை அலையின் நீளமோ பன்னிரண்டரை சென்ரிமீற்றர். தன்னைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறிய துளியை அந்த அலை பொருட்படுத்துவதே இல்லை. ஒரு கிலோமீற்றர் மூடுபனியைக் கடந்தாலும் ஒரு டெசிபெலின் நூறில் ஒரு பங்குகூட இழப்பு வராது. ரவுட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவே நீங்கள் போய் நின்றால் வெளியிலுள்ள பனியைவிடப் பல மடங்கு அதிகமாகத் தடுப்பீர்கள்.

அலையை உண்மையில் தடுப்பவை வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கூரைத் தகரம் அலையை அப்படியே திருப்பி அனுப்பும். பழைய லயத்தின் கருங்கல் சுவர் நிறையவே விழுங்கும். ஆனால் தகரமும் கல்லும் வெயில் நாளிலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பனி நாளில் மட்டும் வருகிற கோளாறுக்கு அவை காரணமாக முடியாது.

பனி நாளில் வேறு என்ன நடக்கிறது? ஹட்டன் பக்கத்தில் வாழ்கிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்ட் போகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றும் மழையும் பனியும் சேர்ந்தே வருகின்றன. யூகலிப்டஸ் கிளை ஒன்று கம்பியில் சாய்கிறது. கரண்ட் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. பொகவந்தலாவையில் பெய்கிற மழை கெசல்கமு ஓயா வழியாகக் காசல்ரி நீர்த்தேக்கத்தில் சேர்ந்துதான் நாட்டுக்கு மின்சாரமாகிறது; லக்சபானா மின்நிலையம் 1950 முதல் ஓடுகிறது; தலவாக்கலையில் 150 மெகாவோட் மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் வந்தது. அந்த மின்சாரம் பிறக்கும் மலையிலேயே ஒரு கிளை விழுந்தால் வீடு இருண்டுவிடுகிறது என்பது வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதால் நாடே இருண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவை பெரிய இருட்டுகள். நம் பிரிண்டரின் வில்லன் மூன்று நிமிட இருட்டு.

அந்த மூன்று நிமிடத்தில் வீட்டுக்குள் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்ன இயந்திர நாடகம். அதைக் கொஞ்சம் ஆற அமரச் சொல்ல வேண்டும்.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட பன்னிரண்டு எழுத்து மெக் எண். அது பிறப்புப் பெயர் மாதிரி, கூடவே இருக்கும். மற்றது ஐபி முகவரி, 192.168.1.5 என்பது மாதிரி. இது அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும். கொடுப்பது ரவுட்டர். சொந்தமாகக் கொடுப்பதுமில்லை, தவணைக்குத்தான் கொடுக்கிறது, பல வீடுகளில் ஒரு நாளைக்கு. பாதித் தவணை கழிந்ததும் கருவி தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎச்சிபி.

வேலைக்கு ஆட்கள் கூடி நிற்கும் தோட்டத்துக் காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை கையில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு. வருகிறவரின் பெயரைப் பதிந்து, இன்றைக்கு எந்த மலை, எந்தத் தேயிலை நிரை என்று பிரித்துவிடுகிறார்கள். பெயர் மெக் எண், நிரை ஐபி முகவரி, கணக்கப்பிள்ளை ரவுட்டர். நேற்று ஐந்தாம் நிரையில் கொழுந்து எடுத்தவருக்கு இன்றும் ஐந்தாம் நிரைதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் செக்ரோல் கையிலிருக்கும்வரை பழைய வழக்கப்படியே நிரை பிரிப்பது எல்லோருக்கும் வசதி. ரவுட்டரும் அப்படித்தான் செய்கிறது. உங்கள் பிரிண்டர் மாதக்கணக்கில் 192.168.1.5இலேயே இருந்ததற்கு அதுதான் காரணம்.

புதிதாக வருகிற கருவி எப்படி நிரை கேட்கிறது என்பது அழகான சிக்கல். கடிதம் போட வேண்டுமானால் அனுப்புநர் முகவரி வேண்டும். தனக்கோ முகவரியே இல்லை. பெறுநர் முகவரி வேண்டும். கணக்கப்பிள்ளை எங்கே நிற்கிறார் என்றும் தெரியாது. ஆகவே கருவி அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும் பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு, பெரட்டுக் களம் முழுவதும் கேட்கும்படி கூவுகிறது: "எனக்கு யாராவது நிரை கொடுங்கள்." அந்த எண்ணுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். கூவலோடு தன் பெயரையும், தானே அப்போது தற்செயலாகப் பொறுக்கிய ஒரு பெரிய எண்ணையும் சேர்த்து விடுகிறது. ஒரே நேரத்தில் மூன்று கருவிகள் கூவினால் பதில் யாருக்கு என்று குழம்பக் கூடாதல்லவா? பதிலில் அந்த எண் இருந்தால், அது தனக்கான பதில். ரவுட்டர் "ஐந்தாம் நிரை காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்கிறது. கருவி "வேண்டும்" என்று மறுபடி எல்லோருக்கும் கேட்கக் கூவுகிறது. ஏன் மறுபடியும்? களத்தில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் இருந்து இருவரும் நிரை நீட்டியிருந்தால், எதை எடுத்துக்கொண்டேன் என்று மற்றவருக்கும் தெரிய வேண்டும். ரவுட்டர் "சரி, பதிந்தாயிற்று" என்கிறது. நாலு பேச்சில், ஒரு நொடியில், காரியம் முடிந்தது. முகவரியே இல்லாத ஒன்று முகவரி கேட்டு வாங்க இவ்வளவு சிக்கனமான வழியைக் கண்டுபிடித்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இப்போது கரண்ட் போகிறது. பல வீட்டு ரவுட்டர்களில் செக்ரோல் எழுதப்படுவது தற்காலிக நினைவகத்தில். கரண்டோடு அதுவும் போய்விடும். மூன்று நிமிடம் கழித்து வெளிச்சம் வருகிறது. வெறும் புத்தகத்தோடு கணக்கப்பிள்ளை களத்தில் நிற்கிறார். மகனின் போன், மகளின் போன், மின்கலத்தில் உயிரோடிருந்த லேப்டொப், சுவரிலிருக்கும் தொலைக்காட்சி எல்லாம் உடனே வந்து வரிசையில் நிற்கின்றன. முந்தி வந்தவருக்கு முந்தின நிரை. பிரிண்டர் வரவில்லை, கரண்ட் வந்ததும் தானாக எழும்பாத பிரிண்டர்கள் பல. மறுநாள் யாரோ பொத்தானை அழுத்திய பிறகு, பெரட்டு கலைந்த நேரத்தில், அது வந்து சேர்கிறது. ஐந்தாம் நிரையில் ஏற்கெனவே தொலைக்காட்சி நிற்கிறது. பிரிண்டருக்கு ஒன்பதாம் நிரை கிடைக்கிறது.

லேப்டொப்புக்கு இது தெரியாது. அன்றைக்குப் பிரிண்டரைப் பொருத்திய போது "பிரிண்டர் ஐந்தாம் நிரையில்" என்று அது எழுதி வைத்துக்கொண்டது. மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற பிள்ளையை யோசித்துப் பாருங்கள். நேற்றைய ஐந்தாம் நிரைக்குப் போய் நிற்கிறது. அங்கே வேறு ஆள், அல்லது ஆளே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்க அதற்குச் சொல்லித்தரவில்லை. திரும்பி வந்து "ஆள் வேலைக்கு வரவில்லை" என்கிறது. அதுதான் திரையில் நாம் காணும் 'ஓஃப்லைன்'. பிரிண்டரோ நாலு நிரை தள்ளி, நீல விளக்கு எரிய, காத்துக்கொண்டு நிற்கிறது.

போனின் வழி வேறு. ஆப்பிள் 2002இல் கொண்டுவந்து பின்னாளில் பொதுவாகிவிட்ட முறை அது: நிரை எண்ணை எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் மலையின் ஓரத்தில் நின்று "பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கூப்பிடும். ஒன்பதாம் நிரையிலிருந்து "நான் இங்கே" என்று குரல் வரும். அந்த நிமிடத்து நிரைக்கு நேராகப் போகும். ஆசிரியையின் மகனுடைய போனில் பிரிண்ட் வந்ததும், லேப்டொப்பில் வராததும் இதனால்தான்.

ஒப்பீட்டை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அடுத்த கோளாறும் அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி இழைக் கம்பி எட்டாத தோட்டங்களில் இணையம் 4ஜி ரவுட்டரில் வருகிறது. தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் ஏறாது என்பதால் அதை யன்னலோரம் வைக்கிறார்கள். பின்னறைக்கு எட்டவில்லை என்று நடுவில் ஒரு எக்ஸ்டெண்டரும் வாங்கி மாட்டுகிறார்கள். எக்ஸ்டெண்டர் கங்காணி மாதிரி. ஆட்களைக் கூட்டும், ஆனால் நிரை கொடுக்கும் அதிகாரம் அதற்கில்லை. கரண்ட் வந்ததும் சில வீடுகளில் எக்ஸ்டெண்டர் முதலில் எழும்பிவிடும். 4ஜி ரவுட்டர் எழும்ப இன்னும் நேரமெடுக்கும். பிரிண்டர் கங்காணியிடம் வந்து நிற்கிறது, நிரை கேட்டுக் கூவுகிறது, கணக்கப்பிள்ளை இன்னும் வரவில்லை. கூவிக் கூவிப் பார்த்துவிட்டுத் தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது. அப்படிச் சுயமாக எடுத்த முகவரி எப்போதும் 169.254 என்றுதான் தொடங்கும். அதற்கென்றே ஒதுக்கிய எண் அது. அந்த எண்ணை எங்கே கண்டாலும் வேறு ஆராய்ச்சி வேண்டாம்: ரவுட்டர் முழுதாக எழும்பிய பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். இதைவிட மோசமானது, பழைய ரவுட்டர் ஒன்றையே எக்ஸ்டெண்டராக மாட்டி, அதன் நிரை கொடுக்கும் வேலையை நிறுத்தாமல் விடுவது. ஒரே களத்தில் இரண்டு கணக்கப்பிள்ளை, இரண்டு செக்ரோல். ஒருவர் கொடுத்த நிரையையே மற்றவர் இன்னொரு ஆளுக்கும் கொடுப்பார். ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது.

பக்கத்து வீட்டில் அதே கரண்ட், அதே பிரிண்டர், ஒரு தொந்தரவும் இல்லையே என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. பல ரவுட்டர்களுக்குள் டிஎன்எஸ்மாஸ்க் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. அது முந்தி வந்தவருக்கு முந்தின நிரை என்று பிரிப்பதில்லை. கருவியின் பெயரையே ஒரு கணக்குச் சூத்திரத்துக்குள் போட்டு, வருகிற விடையை நிரை எண்ணாக எடுத்துக்கொள்கிறது. ஒரே பெயரைப் போட்டால் எப்போதும் ஒரே விடைதான். செக்ரோல் எரிந்துபோனாலும், பெரட்டுக்குக் கடைசியில் வந்தாலும், அந்த நிரையை வேறு ஆள் பிடித்திருந்தால் ஒழிய, பழைய நிரைதான் கிடைக்கும். நினைவில் வைக்க வேண்டியதை நினைவில் வைக்காமலே சாதிக்கிற இந்த உத்தி எந்தப் பெட்டியின் மேலும் விளம்பரமாக அச்சிடப்படுவதில்லை.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கணினிகளை ஒரே கட்டடத்துக்குள் இணைக்கும் ஈதர்நெட், 1973இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுகூடத்தில் ரொபர்ட் மெட்காஃப் முதலியோர் கையில் பிறந்தது. அங்கே செய்துகொண்டிருந்த லேசர் பிரிண்டரை எல்லாக் கணினிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதற்கொரு முக்கியக் காரணம். ஆக, வீட்டு வலையமைப்பின் முன்னோர் பிரிண்டருக்காகவே பிறந்தவர். ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைத்த 1971ஆம் ஆண்டு அலோஹா வலையமைப்பு அதற்கு முந்தியது. நிரை பிரிக்கும் டிஎச்சிபி 1993இல் வந்து, 1997இல் இன்றைய வடிவம் பெற்றது. முதல் வைஃபைத் தரமும் 1997தான். இதற்கு மேல் இந்தக் கதையில் நமக்கு உதவும் பகுதி இல்லை.

கடையில் சொன்ன "சிக்னல் கூடின" பிரிண்டருக்கு வருவோம். பிரிண்டர், ரவுட்டர் பெட்டிகளின் மேல் இப்போது 'ஸ்மார்ட்', 'ஏஐ', 'வைஃபை 6', 'வைஃபை 7' என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. வினாத்தாள் பக்கம் ஒன்று சில நூறு கிலோபைட். இருபது வருடத்துக்கு முந்திய வைஃபை வேகத்திலேயே அது ஒரு நொடியில் போய்ச் சேரும். புது ரவுட்டரின் வேகம் பிரிண்டருக்கு ஒரு பயனும் தராது. சில வேளை கெடுக்கவும் செய்யும்: குறைந்த விலை வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டும் கேட்பவை, பழையவற்றுக்கு டபிள்யூபிஏ3 பாதுகாப்பு புரியாது. புது ரவுட்டரை 5 கிகாஹேர்ட்ஸிலும் டபிள்யூபிஏ3இலும் மட்டும் வைத்துவிட்டால் நல்ல பிரிண்டரும் சேராது. விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் இருந்து, பிரிண்டரோ லேப்டொப்போ அதில் சேர்ந்திருந்தாலும் ஒன்றுக்கொன்று தெரியாது. அது வேண்டுமென்றே போட்ட வேலி. இணையம் வழியாக எங்கிருந்தும் அச்சிடலாம் என்ற வாக்குறுதியையும் நான் நம்புவதில்லை. கூகுள் நிறுவனம் அப்படி நடத்திய கிளவுட் பிரிண்ட் சேவையை 2020 டிசெம்பர் 31ஆம் திகதியோடு மூடிவிட்டது. அதை நம்பி பிரிண்டர் வாங்கியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிரிண்டரிலேயே அதன் வலையமைப்பு விபரத்தை ஒரு தாளில் அடிக்கலாம். வைஃபை பொத்தானையோ 'ஐ' பொத்தானையோ சில நொடி அழுத்திப் பிடிப்பது வழக்கம், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஐபி முகவரியும் மெக் எண்ணும் இருக்கும். லேப்டொப்பில் பிரிண்டர் புரொபர்ட்டீஸைத் திறந்து 'போர்ட்ஸ்' என்ற பக்கத்தைப் பாருங்கள். அங்கே .5 என்றும் தாளில் .9 என்றும் இருந்தால் குற்றவாளி பிடிபட்டது. சந்தேகம் தீர, தாளிலுள்ள முகவரியை லேப்டொப்பின் பிரவுசரில் அப்படியே அடியுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம், மை அளவு எல்லாம் காட்டியபடி, திறக்கும். பனி கொட்டிக்கொண்டிருக்கும் இரவிலும் திறக்கும். அலை நன்றாகவே போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு நிரந்தர மருந்து. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள், 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்பது மாதிரி ஒரு முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே டிஎச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக் டிஎச்சிபி' என்று ஒன்று இருக்கும். பிரிண்டரின் மெக் எண்ணையும் ஒரு ஐபி முகவரியையும் அங்கே ஜோடி சேர்த்துச் சேமியுங்கள். இந்தப் பதிவு கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படுகிறது. இந்த நிரை இந்த ஆளுக்கு மட்டும் என்று கணக்கப்பிள்ளையின் சுவரில் எழுதி வைத்தாயிற்று. லேப்டொப்பிலும் அதே முகவரியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பாஸ்வேர்ட் மாற்ற வேண்டாம், பிரிண்டரைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டாம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் தொடப் பயமாக இருந்தால், 2022க்குப் பிறகு எல்லாக் கடையிலும் கிடைக்கிற 12 வோல்ற் மினி யூபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்குப் போடுங்கள். எக்ஸ்டெண்டர் இருந்தால் அதற்கும் வழி செய்யுங்கள். ரவுட்டர் அணையாவிட்டால் செக்ரோல் அழியாது. பிரிண்டர் அணைந்து எழும்பினாலும் அதே நிரையைத்தான் கேட்டு வாங்கும். புதுப் பிரிண்டரின் விலையோடு பார்த்தால் இதன் செலவு மிகச் சிறியது.

ஆக, ஆசிரியைக்கு என் பதில்: டீச்சர், பிரிண்டர் வாங்க வேண்டாம். உங்களுடையது நன்றாக இருக்கிறது. அந்தக் காசுக்குத் தாளும் மையும் வாங்கிப் பிள்ளைகளுக்கு இன்னும் நாலு வினாத்தாள் அடித்துக் கொடுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வீடு வீடாகப் போய் ரவுட்டர் பொருத்துகிற தம்பிமாரிடமும், கொமியூனிகேஷன் கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பிரிண்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதற்கொரு முகவரியை அன்றைக்கே ஒதுக்கி, அந்த எண்ணைச் சின்னத் தாளில் எழுதிப் பிரிண்டரின் மேல் ஒட்டிவிட்டு வாருங்கள்.